ஏரோபிளேன் டர்போவுக்கு ஒரு ரசீது

திண்டிவனத்தில் லாரி டர்போ பட்டறை வைத்திருக்கும் முருகையனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அவருக்குச் சர்க்கரை ஏறியதைப் பற்றிப் பேசலாம். அவர் மச்சான் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத ஏணியைப் பற்றிக்கூடப் பேசலாம். ஆனால் பட்டறையின் வடக்கு மூலையில், பலகை மேல், சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த டர்போவைக் காட்டி, "இது எந்த லாரியோடதுங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அப்படிக் கேட்ட ஒரு செஞ்சிக்காரர் தன் டிப்பரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். எட்டு நாள் கழித்துப் பெண்சாதியை அனுப்பித்தான் வண்டியை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு டிப்பர் ஓட்டத் தெரியாது. இருந்தும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு அவசரம்.

லாரி டர்போ மேல் முருகையனுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. நாற்பது வருஷமாகச் சோறு போடுவதே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றிப் பார்த்தே அது எந்த வருஷத்து லாரி, ஓட்டுனவன் வெற்றிலை போடுகிறவனா என்பதுவரை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் வந்து, ஏரோபிளேன் சாமானை லாரிச் சாமான் என்றால் கோபம் வராதா?

அது நாலு பேர் உட்காரும் சின்ன ஏரோபிளேனின் டர்போ. குயிலாப்பாளையத்தில் பெர்னார் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். சொந்தமாக ஓட்டுவதற்கென்று ஓர் ஏரோபிளேனைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து, கீற்றுக் கொட்டகையில் பூட்டி நிறுத்தி, பறப்பதற்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள் கொட்டகைக்கு ஏழு தடவை கீற்று மாற்றியாகிவிட்டது. அந்த ஏழு கீற்றுக் காலமும் அவருடைய ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் முருகையன். மனசு வெறுத்து ஊருக்குத் திரும்பும்போது பெர்னார் எஞ்சினிலிருந்து டர்போ, குழாய்கள், மிஞ்சின புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட், அதைத் திறந்து மூடும் கண்ட்ரோலர் என்று செட்டு முழுவதையும் கழற்றி, "நீ என் தம்பி" என்று சொல்லி முருகையன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பறந்த கணக்கெல்லாம் எழுதிய லாக் புக்கும் கொடுத்தார். அதை இரும்பை என்ற ஊரைச் சேர்ந்த ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆடு தரையில் நிற்கவே இல்லை. மதில், கூரை, தண்ணீர்த் தொட்டி என்று உயரமான இடமாகப் பார்த்து ஏறிக்கொண்டே இருந்து, கடைசியில் செல்போன் டவரில் ஏறிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்கியது.

சந்தேகப்பட்டவர்களுக்காக முருகையன் ஒரே ஒரு தடவை அந்த டர்போவை ஓட்டிக் காட்டியதும் உண்டு. கிளியனூரில் பெரியதம்பி என்பவரின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், பம்பு ஓட்டுகிற டீசல் எஞ்சினில் அதைப் பூட்டினார். நாலாவது நிமிஷம் கிணறு காலி. ஐந்தாவது நிமிஷம் பக்கத்துக் கொல்லைக் கிணறும் காலி. ஏழாவது நிமிஷம் குழாய் வழியாக நெத்திலி வந்து விழ ஆரம்பித்தது. கடல் அங்கிருந்து எத்தனை தூரம் என்று கிளியனூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பெரியதம்பி ஓடிவந்து எஞ்சினை நிறுத்தியிராவிட்டால், மரக்காணத்துக்காரர்கள் மறுநாள் கட்டுமரத்தை மணலில்தான் தள்ளியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பெரியதம்பி வீட்டில் நெத்திலிக் குழம்பு.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் முருகையனின் மச்சான் ராஜாமணி நம்பவில்லை. ராஜாமணிக்கு விழுப்புரத்தில் பழைய இரும்புக்கடை. திண்டிவனம் பக்கம் வரும்போதெல்லாம் தன் குட்டியானை சரக்கு வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, அக்கா கையால் டீ குடிப்பான். குடித்து முடித்ததும் ஆரம்பிப்பான்.

"இன்னா மாமா, உங்க ஏரோபிளேன் இன்னிக்கும் ரெஸ்டுதானா?"

"டேய், வந்தமா டீய குடிச்சமா போனமான்னு இரு."

"இல்ல மாமா, இரும்பு வெல ஏறிக்கினு கீது. எடை போட்டு எடுத்துக்கறேன். லாரி டர்போன்னாலும் நல்ல காஸ்டிங்கு."

"லாரி டர்போவா? யார்ரா லாரி டர்போன்னவன்?"

"ஊரே சொல்லுது. எவனாவது ஏரோபிளேன் வச்சிக்கினு கீறவன் வந்து, ஆமாய்யா இது ஏரோபிளேன் சாமான்தான்னு வாங்கிக்கினு போவட்டும். அன்னிக்கி ஒரு பக்க மீசைய வழிச்சிட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

ராஜாமணியின் மீசை சாதாரண மீசை அல்ல. காற்று வீசும் நாளில் அவன் இருசக்கர வண்டி ஓட்டினால் அது இரண்டு பக்கமும் விரிந்து, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து வழி கேட்பார்கள். அதையே பந்தயமாக வைத்துவிட்டான் என்றால் அவனுக்கு எவ்வளவு தைரியம்! அன்றே முருகையன் முடிவு செய்தார். விற்றுவிட வேண்டியதுதான். அதுவும் ஏரோபிளேன்காரனுக்கு, ஏரோபிளேன் சாமான் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு விற்க வேண்டும். நடந்தால் பதினைந்து வருஷப் பேச்சுக்கு ஒரே பதில். நடக்காவிட்டால் அவர் கண்ணை மூடின பிறகும் ஊர் அவரை, லாரி டர்போவுக்கு விமானம் என்று பேர் வைத்தவர் என்றுதான் சொல்லும்.

மகள் வெண்ணிலா கம்ப்யூட்டரில் விளம்பரம் போட்டாள். "சிறு ஏரோபிளேன் டர்போ செட்டு விற்பனைக்கு. பயன்படுத்தியது. நல்ல நிலை. வருஷா வருஷம் பூஜை போட்டது." கடைசி வரியை முருகையன் சொல்லி அவள் சேர்த்தாள்.

முதல் வாரம் நாற்பத்தோரு பேர் போன் செய்தார்கள். நாற்பத்தோரு பேரும் லாரிக்காரர்கள். "என் வண்டிக்கு செட் ஆவுமாண்ணே?" என்று ஆரம்பித்த நாற்பத்தோராவது ஆளுக்கு முருகையன் கொடுத்த பதிலில் போன் சூடாகி, அதை மோர்ச் சட்டி மேல் வைத்து ஆற்றவேண்டியிருந்தது.

நாற்பத்திரண்டாவதாகக் கூப்பிட்டவர் கோயம்புத்தூர் அரிபிரசாத். நூல் மில் முதலாளி. பெர்னார் வைத்திருந்த அதே வகை ஏரோபிளேன் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் டர்போ பழுதாகி, இரண்டு வருஷமாக ஏரோபிளேனுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். மறுநாள் மத்தியானமே காரில் வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் நேராக டர்போவிடம் போனார். டார்ச்சை எடுத்தார். உள்ளே பார்த்தார். சுழலியை விரலால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். முருகையனுக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. தொழில் தெரிந்தவன்தான் காதை வைத்துக் கேட்பான்.

"பதினஞ்சு வருஷமா மூலையில கெடந்தும் எப்படி சுத்துது பாருங்க சார்" என்றார் முருகையன். "மேல போவப் போவ காத்து மெலிஞ்சிபூடும். எஞ்சினு மூச்சு வாங்கும். இது பொகைய வச்சிக்கினே காத்த அமுக்கி அமுக்கி ஊட்டும். தரையில கீற மாதிரியே ஓடும். லாரி எங்க சார் மேல போவுது?"

"பார்த்தா சரியாத்தாங்க தெரியுது" என்றார் அரிபிரசாத். "ஆனா இதை இப்படியே பூட்ட முடியாதுங்க. வெளிநாட்டுப் பட்டறைக்கு அனுப்பணும். அவங்க பிரிச்சு, தேஞ்சதை மாத்தி, சர்டிபிகேட் குடுத்தாத்தான் பறக்கலாம். அவங்க மொதல்ல கேக்கறது நம்பருங்க. நம்பர் இல்லாத டர்போவைக் கையாலயும் தொடமாட்டாங்க. நம்பர் தகடு எங்கீங்க?"

"இதோ." முருகையன் சந்தனத்தைத் துடைத்துக் காட்டினார்.

தகடு இருந்தது. பளபளவென்று இருந்தது. அரிபிரசாத் குனிந்தார், தகட்டில் அவர் முகம் தெரிந்தது. மூக்கில் இருந்த மரு தெரிந்தது. எழுத்து மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க இது, இதுல பாத்து சவரமே பண்ணிக்கலாம் போலிருக்குது?"

முருகையன் திரும்பினார். டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்த மனைவி கிருஷ்ணவேணி பெருமையோடு சொன்னாள்: "நான்தான் தேய்க்கறேன் சார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளியும் சாம்பலும் போட்டு. பதினஞ்சு வருஷம். குத்துவெளக்க விட இதுக்குத்தான் நேரம் ஆவும்."

"அடியே, அதுல நம்பர் இருந்துச்சேடி!"

"நம்பரா? சின்னச் சின்னதா கறுப்பா இருந்துச்சி. அழுக்குன்னு இல்ல நெனச்சேன்? மொத மூணு வருஷம் போவவே இல்ல. நாலாவது வருஷந்தான் உட்டுச்சி."

"அந்த நம்பரு வானத்துல முப்பது வருஷம் பறந்துச்சி! மழையில போவல, வெயில்ல போவல! உன் கையில போயிடுச்சா?"

"ஆமா, என்னிய திட்டுங்க. தேய்க்கலன்னாலும் திட்டுவீங்க. போன வருஷம் ஸ்பேனர்ல கறை கீதுன்னு கத்துனது யாரு?"

அரிபிரசாத் டீயை உறிஞ்சிக்கொண்டே, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் அதைச் சொன்னார்: "நம்பர் இல்லேன்னா கஷ்டமுங்க. நாளைக்கு இதை யாராவது லாரி டர்போன்னு சொன்னாக்கூட நாம மறுத்துச் சொல்ல முடியாதுங்களே."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது. மின்சாரம் இருந்தது. அதுவாகவே நின்றது.

முருகையனின் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. உச்சிக்கு ஏறினால் பழைய கோபங்களையெல்லாம் வரிசையாகக் கிளப்பிவிடும். ஒரு கோபத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். அப்படி வந்த கோபங்களில் ஒன்று, பதினைந்து வருஷத்துக்கு முந்தியது.

"கோயிலு!" என்று கத்தினார்.

நெடுஞ்சாலையில் விழுப்புரம் போகிற வழியில், கூட்டுரோட்டில் ஒரு மகமாயி கோயில். அந்தப் பக்கத்தில் எஞ்சினோ வண்டியோ எது வாங்கினாலும் முதலில் அங்கே கொண்டுபோய், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பூஜை போட்ட பிறகுதான் தொழிலுக்கு இறக்குவார்கள். டர்போ கிடைத்த வாரமே முருகையன் அதையும் கொண்டுபோனார். சக்கரம் இல்லாத சாமான் ஆனதால் தள்ளுவண்டியில் வைத்து நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியாயிற்று. ரசீது போடும் இடத்தில்தான் சண்டை. ரசீதில் வண்டி நம்பர் எழுத ஒரு கோடு. நம்பர் இல்லாமல் பூஜை கிடையாது. முருகையன் தகட்டைப் பார்த்து எட்டு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ரசீதெழுதுகிற திருமுருகன் எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே வண்டி வகைக்குக் கட்டங்கள்: இருசக்கரம், கார், வேன், லாரி, டிராக்டர். ஏரோபிளேனுக்குக் கட்டம் இல்லை. திருமுருகன் லாரியில் டிக் போட்டுவிட்டார்.

"சாமி முன்னாடி வச்சி லாரின்னு போட்டான் சார்! இன்னும் எனக்கு ஆறல!"

"அந்த ரசீது இருக்குதுங்களா?" என்றார் அரிபிரசாத். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நம்பரை அழித்த கைதான் ரசீதையும் காப்பாற்றி வைத்திருந்தது. கிருஷ்ணவேணி உள்ளே போய், ரேஷன் கார்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்து அதை எடுத்துவந்து, கணவன் கையில் கொடுக்காமல் அரிபிரசாத் கையில் கொடுத்தாள். எட்டு எழுத்தும் தெளிவாக இருந்தன. லாரிக்கு நேரான டிக்கும் தெளிவாக இருந்தது. அரிபிரசாத் படம் எடுத்து வெளிநாட்டுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, நல்ல பதில் வரும் என்று சொல்லிக் கோயம்புத்தூர் போனார்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"நம்பர் அவங்க பதிவேட்டுல இருக்குதுங்க. நம்ம மாடல் ஏரோபிளேனுக்குப் பண்ணினதுதான்."

"சொன்னனா இல்லியா!"

"ஆனா ஒரு சிக்கலுங்க. ரசீதைத் தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுப் படிச்சிருக்காங்க. வண்டி வகைன்னு லாரி போட்டிருக்குது. லாரி டர்போலயும் இதே நம்பர் இருக்க வாய்ப்பிருக்குதாமுங்க. இது ஏரோபிளேனோடதுதான்னு ரசீது குடுத்தவங்களே அந்தக் காலத்துப் பதிவுலருந்து காட்டணும்ங்கறாங்க. இல்லேன்னா வேண்டாமுங்கறாங்க."

முருகையன் போனை வைத்தார். வெள்ளைக்காரன் சீமையிலிருந்துகூட லாரி என்று கேட்டுவிட்டான். சட்டையை மாட்டினார். பித்தானை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வந்தால் ராஜாமணியின் குட்டியானை நிற்கிறது.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க, ஏர்போர்ட்டுக்கா?"

"கோயிலுக்கு உடு வண்டிய. ஜல்தி."

விஷயத்தைக் கேட்ட ராஜாமணிக்கு வழியெல்லாம் சிரிப்பு. "கோயில் ரசீதுலயே லாரின்னு போட்டுக்கீறாங்களா? மகமாயிக்கே தெரிஞ்சிருக்குது மாமா. நீங்கதான் பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க." முருகையனின் மூச்சுக் காற்றிலேயே குட்டியானை மூன்றாவது கியரில் தொண்ணூறு போயிற்று.

திருமுருகன் அதே மேசையில் அதே நாற்காலியில் இருந்தார். தலை மட்டும் வெளுத்திருந்தது.

"யோவ், இன்னாய்யா எழுதி வச்சிக்கீற? ஏரோபிளேன போயி லாரின்னு டிக் போட்டியே, உங்கையாலயே மாத்திக் குடு."

திருமுருகன் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினஞ்சு வருசத்து ரசீத மாத்தக்கூடாதுங்க. கமிட்டி ரூலு."

"கமிட்டிய கூப்புடு!"

"கமிட்டி கூழ் ஊத்தறப்பதான் கூடும்."

"ஒரு மனுசன் நெஞ்சுல அடிச்சிக்கினு சொல்றான், இது ஏரோபிளேன்னு. கட்டம் இல்லன்னா கட்டம் போடறது! பேனா இல்லியா, ஸ்கேல் இல்லியா? கட்டம் இல்லன்றதுக்காவ இருக்கற பொருள இல்லன்னு ஆக்கிடுவியா? நாளைக்கி யானைய கொண்டாந்தா இன்னா போடுவ? டிராக்டர்னு போடுவியா?"

"யானை வந்துச்சிங்க, மூணு வருசம் முன்னாடி" என்றார் திருமுருகன். "வேன்னு போட்டேன்."

முருகையன் போட்ட சத்தத்தில் கோயில் மணி தானாக இரண்டு தடவை அடித்தது. வெளியே பூஜைக்கு நின்ற ஒரு புது லாரி, யாரும் உள்ளே இல்லாமலே நாலடி பின்னால் போனது. ராஜாமணி கம்பியில் சாய்ந்துகொண்டு மீசையை நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"மாத்த முடியாது" என்றார் திருமுருகன். "வேணும்னா அடிக்கட்டைய காட்டறேன். அதுதான் பதிவு. சீலு வச்சி நகல் குடுக்கலாம்." மேசைக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் மிஞ்சுகிற பாதிதான் அடிக்கட்டை. அரை மணி தேடி, பூச்சி அரித்த ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்தை விரித்து நீட்டினார்.

முருகையன் சட்டைப் பையைத் தடவினார். வந்த வேகத்தில் கண்ணாடி கொண்டுவரவில்லை.

"டேய், நீ படி."

ராஜாமணி வாங்கினான். குரலைச் செருமிக்கொண்டு, ஊருக்குக் கேட்கிற மாதிரிப் படித்தான். "நம்பர் அதேதான். வண்டி வகை, லாரி!" நாலு பக்கமும் பார்த்தான். "கீழ இன்னாவோ எழுதிக்கீது மாமா. குறிப்பு."

"தகராறு நடந்தா அடிக்கட்டையில குறிப்பு எழுதணும்" என்றார் திருமுருகன். "அதுவும் கமிட்டி ரூலு. நாளைக்கி யாராவது கேட்டா நான் பதில் சொல்லணுமில்ல?"

"படிடா."

ராஜாமணி படித்தான். வரி நகர நகரக் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"குறிப்பு. மேற்படி நம்பர் பொருள் லாரி அல்ல... ஏரோபிளேனில் பூட்டுகிற டர்போ என்று... அதன் சொந்தக்காரர் திண்டிவனம் முருகையன் அரை மணி நேரம் சண்டை போட்டார். நேரில் பார்த்ததில்... லாரிச் சாமான் போலத் தெரியவில்லை. ஏரோபிளேனுக்குக் கட்டம் இல்லாததால்... லாரியில் டிக் போடப்பட்டது. ஒப்பம், திருமுருகன்."

ராஜாமணியின் இடது கை தானாகப் போய் மீசையை மூடிக்கொண்டது.

"எழுத்துல கீதா?" என்றார் முருகையன் மெதுவாக.

"கீது மாமா."

"ஏரோபிளேன்னு?"

"ஏரோபிளேன்னுதான் மாமா."

திருமுருகன் அடிக்கட்டையைப் படம் எடுக்க விட்டார். நகலில் கோயில் சீலை மூன்று இடத்தில் குத்திக் கொடுத்தார். வெண்ணிலா சொல்லிக்கொடுத்திருந்தபடி முருகையன் அங்கேயே நின்று அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். தேங்காய் உடைத்துச் சூடம் அணைவதற்குள் அரிபிரசாத் கூப்பிட்டுவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் ஆளை வைத்துப் படித்துவிட்டார்களாம். இப்படி ஒரு கையெழுத்துச் சாட்சியோடு எந்த டர்போவும் இதுவரை அவர்களிடம் வந்ததில்லையாம். புதுத் தகடு அவர்களே அடித்துத் தருகிறார்களாம். பெட்டி கட்ட ஆள் நாளைக்கு வருகிறது. "ஏரோபிளேன் டர்போ செட்டு ஒன்று, வாங்கிக்கொண்டேன்னு எழுதி அனுப்பிடறேனுங்க" என்றார்.

திருமுருகன் புத்தகத்தை மூடப் போனார். ராஜாமணி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, மீசையிலிருந்து கையை எடுக்காமலே நழுவப் பார்த்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

முருகையனின் முகம் மறுபடி சிவக்க ஆரம்பித்தது.

"இருய்யா. இன்னான்னு படிச்சான் அவன்? அரை மணி நேரமா?"

"ஆமாங்க."

"அரை மணியா? யோவ், நான் அன்னிக்கி ஒன்றரை மணி நேரம் சண்ட போட்டேன்யா! சாமிக்கி உச்சிப் பூசை ஆரம்பிக்கறப்ப ஆரம்பிச்சி, நட சாத்தற வரிக்கும் நின்னேன்! தொண்ட கட்டி மூணு நாளு கஷாயம் குடிச்சேன்! அரை மணின்னு எழுதி வச்சிக்கீற? என்னிய இன்னா, போறபோக்குல ரெண்டு வார்த்த பேசிட்டுப் போற ஆளுன்னு நெனச்சியா? மாத்து அத!"

"பதிவ மாத்த முடியாதுங்க" என்றார் திருமுருகன். பிறகு பெருமூச்சு விட்டு, புதிய ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அடிக்கட்டையில் 'குறிப்பு' என்று எழுதி, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, சண்டை ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்.